சொட்டுச் சொட்டாக எலக்ட்ரான்

கண்ணிமைக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என்று வைத்தார்கள் நம் இலக்கணக்காரர்கள். அதை அரை, கால் என்றும் கூறுபோட்டார்கள். ஆனால் 2003-இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் ட்வெயின் மில்லர் குழுவினர் பார்க்க நினைத்த சங்கதி அந்தக் கணக்கிலெல்லாம் அடங்காது. 20 நானோமீட்டர் தடிமனுள்ள அலுமினியப் படலத்தை லேசரால் சுட்டார்கள். அணுக்களின் வரிசை குலைந்து உலோகம் உருக ஆன நேரம் 3.5 பிகோ வினாடி. ஒரு வினாடியை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் பிகோ வினாடி. அதில் ஆயிரத்தில் ஒன்று ஃபெம்டோ வினாடி.

அணுவைப் பார்க்கக் கண்ணுக்குத் தெரியும் ஒளி உதவாது; அதன் அலைநீளம் மிகப் பெரிது. எலக்ட்ரான் உதவும். ஆனால் சாதாரண எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அது திறந்துவிட்ட குழாய்த் தண்ணீர்போல ஓடிக்கொண்டே இருக்கும். வேகமான நிகழ்ச்சியைப் பிடிக்கச் சொட்டுச் சொட்டாக விடும் குழாய் வேண்டும்.

ஜெர்மனியின் கோட்டிங்கனில் கிளாஸ் ரோப்பர்ஸ் குழுவினர் வைத்திருக்கும் குழாய், ஒரு டங்ஸ்டன் ஊசி. லேசர் மின்னல் முனையில் படும்போது மட்டும் எலக்ட்ரான் வெளியே குதிக்கும். புறப்படும் இடம் அவ்வளவு சிறியதாக இருப்பதால், கற்றையைச் சுமார் 1 நானோமீட்டர் புள்ளியாகக் குவிக்க முடிகிறது. ஒரு சொட்டின் நீளம் சுமார் 200 ஃபெம்டோ வினாடி.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் கடிகாரம். அப்படி ஒன்று கிடையவே கிடையாது, அளவுகோல்தான் உண்டு! ஒரே லேசரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பொருளின்மீதும் மற்றதை ஊசியின்மீதும் பாய்ச்சுகிறார்கள். ஒன்றின் வழியில் நிற்கும் கண்ணாடியை 15 மைக்ரான் பின்னுக்குத் தள்ளினால், ஒளி போக 15, வர 15 என 30 மைக்ரான் கூடுதலாக நடக்க வேண்டும். அதற்கு 100 ஃபெம்டோ வினாடி ஆகும். கண்ணாடி நகர நகர, அடுத்தடுத்த கணத்தின் படம் கிடைக்கும்.

சிக்கல் எலக்ட்ரானின் குணத்தில் இருக்கிறது. கூட்டமாக அனுப்பினால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, போய்ச்சேர்வதற்குள் சொட்டு நீண்டுவிடும். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் அகமது ஸெவைல் இதற்கு ஒரு வழி கண்டார்: ஒரு சொட்டுக்குச் சராசரியாக ஒரே ஒரு எலக்ட்ரான், அதையே லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப அனுப்பிப் படத்தைச் சேர்ப்பது. அதற்கு, படமெடுக்கப்படும் பொருள் ஒவ்வொரு முறையும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். உருகிய அலுமினியம் திரும்புமா? மில்லர் குழுவினர் ஒரு சொட்டில் ஆயிரக்கணக்கான எலக்ட்ரான்களை ஏற்றி, அவை பரவுமுன் போய்ச்சேரும்படி பாதையைக் குறுக்கினார்கள். அப்படியும், ஒவ்வொரு லேசர் அடிக்கும் படலத்தில் புது இடம் பார்த்து நகர்த்த வேண்டியிருந்தது.