தாங்கி உண்டு, எண்ணெய் இல்லை

2022இல் டீசலுக்காக வரிசையில் கிடந்த நாட்களை வியாபாரிகள் யாரும் மறந்திருக்க மாட்டோம். சாமான் ஏற்றிய என் லொறியும் சீனன்குடாவில் மூன்று நாள் நின்றது. சற்றுத் தள்ளிக் காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகள். "இத்தனை தாங்கி இருக்கே, எண்ணெய் மட்டும் ஏன் முதலாளி இல்ல?" என்று சாரதித் தம்பி கேட்டார். நல்ல கேள்வி.

அந்தத் தாங்கிகளைப் பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டினர். ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். இன்று 99 எஞ்சியுள்ளன. ஆனால் பெட்டகம் வாங்கினால் பணம் வந்துவிடுமா? எண்ணெய் அன்றும் கப்பலில்தான் வந்தது, இன்றும் அப்படித்தான்.

காரணம் நம் காலடியில் உள்ள பாறை. கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் இறந்து, சேற்றில் புதைந்து, பல கோடி ஆண்டுகள் சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்தே எண்ணெயாகின்றன. அதற்குப் படிவுப் பாறை வேண்டும். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலமோ மிகப் பழைமையான, உருமாறிய கடும் பாறை. திருகோணமலையும் அதில் அடக்கம். மன்னார்க் கடலடியில் தடித்த படிவுகள் இருப்பதால்தான் 2011இல் அங்கே எரிவாயு காணப்பட்டது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமிலவாயு காற்றில் சேரும். கோடி ஆண்டுகளாக மண் சேமித்த கைமுதலை நாம் இரண்டு நூற்றாண்டில் எடுத்துச் செலவழிக்கிறோம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அது வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. காற்று ஒரு பாகை சூடேறினால் சுமார் 7 வீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். கிண்ணியாவின் வயலும் நம் களஞ்சியமும் நனைவது அந்த மழையில்தான். விலைச்சீட்டில் எழுதாத இந்தச் செலவையும் நாமே கட்டுகிறோம்.

கொட்டியார் குடாவின் மறுகரையில், சம்பூரில் திட்டமிட்ட நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கே சூரிய மின்நிலையப் பணி தொடங்கியது. வெயிலுக்குக் கப்பலும் வேண்டாம், டொலரும் வேண்டாம். கடைக்கூரை வைத்திருக்கும் நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாமே!