ஒரு சிட்டிகை மருந்து

"மாமா, இது டீத்தூளா?"

மேஜை மேல் இருந்த சின்னத் தட்டைப் பார்த்து மைத்துனன் கேட்டது இது. கேட்டதில் தப்பில்லை. கருஞ்சாம்பல் நிறத்தில் மெல்லிய தகடு தகடாக, நடுநடுவே குங்குமம் சிந்தியது போல சிவப்புத் துணுக்குகள். ரெட் டாட் என்று பெயர். அமெரிக்காவில் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுகிறவர்களின் ஷாட்கன்னுக்காக வந்த மருந்து. என்னைப் போன்றவர்கள் பிஸ்டல் தோட்டாவிலும் போடுகிறோம். அவன் கையில் டீ டம்ளர் இருந்தது. டீயும் மருந்தும் ஒரே மேஜையில் இருக்கக் கூடாது என்பது என் காராஜின் சட்டம். டப்பாவுக்குள் கொட்டி மூடி, அலமாரியில் வைத்த பிறகுதான் பேச்சைத் தொடங்கினோம்.

அமெரிக்காவில் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, புது பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடி), மருந்து, குண்டு வைத்துத் திரும்பவும் தோட்டாவாக்குவது சாதாரணமான பொழுதுபோக்கு. ரீலோடிங் என்பார்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய அரசின் உரிமம் வேண்டாம். இந்தியாவில் கதை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இதை முதலிலேயே மைத்துனனிடம் சொல்லிவிட்டேன். ஊருக்குப் போய் வீரம் காட்டிவிடுவானோ என்று எனக்குப் பயம்.

அவனுக்கு இதில் ஒரு குடும்பப் பாத்தியதை உண்டு. என் மாமனார் வீடு குன்னூர்ப் பக்கம். அவருடைய அப்பா அருவங்காட்டு கார்டைட் பேக்டரியில் வேலை பார்த்தவர். "தாத்தா செஞ்ச மருந்துதானா இது?" என்றான். சித்தப்பா மகன் என்று சொல்லலாம். 1884இல் பிரான்சில் பால் வியேய் என்பவர் நைட்ரோசெல்லுலோஸைப் பக்குவப்படுத்திப் புகையில்லா மருந்தைக் கொண்டுவந்தார். அதுவரை துப்பாக்கி என்றாலே திருவிழா வேட்டுப் புகைதான். மூன்று வருடம் கழித்து ஆல்பிரட் நோபல் அதோடு நைட்ரோகிளிசரினைச் சேர்த்தார். 1889இல் பிரிட்டன்காரர்கள் அந்த இரண்டோடு கொஞ்சம் வாசலினும் சேர்த்துப் பிசைந்து, அச்சில் பிழிந்து நீள நீளமாக எடுத்தார்கள். கயிறு போல இருந்ததால் கார்டைட். இடியாப்பம் பிழிகிற அதே வேலைதான். என் ரெட் டாட்டிலும் நைட்ரோசெல்லுலோஸும் நைட்ரோகிளிசரினும்தான் இருக்கின்றன. உருவம் மட்டும் வேறு.

அந்த உருவத்தில்தான் விஷயமே இருக்கிறது. புகையில்லா மருந்து ஒரே நொடியில் மொத்தமாக வெடிப்பதில்லை. மேல்பரப்பிலிருந்து உள்ளே எரிந்துகொண்டு போகிறது. காய்ந்த தென்னை ஓலையை அடுப்பில் வைத்தால் குப்பென்று பிடித்து உடனே அடங்கிவிடும். புளிய விறகு நின்று எரியும். மெல்லிய தகடு ஓலை மாதிரி, பருத்த மணி விறகு மாதிரி. மேலே பூசுகிற பூச்சும் வேகத்தைக் குறைக்கும். நீளமான ரைபிள் குழலுக்கு நின்று எரிகிற மருந்து வேண்டும். பிஸ்டலின் குழல் நாலைந்து அங்குலம். அதற்குள் காரியம் முடிய வேண்டும்.

"அப்ப வேகமா எரியற மருந்து போட்டா உதை பலமாத்தானே இருக்கும்?"

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். நடப்பது நேர்மாறு. துப்பாக்கி பின்னால் உதைப்பதற்குக் காரணம் முன்னால் போகிற சரக்கு. குண்டு போகிறது, அதோடு மருந்து முழுவதும் வாயுவாகிப் போகிறது, அதுவும் குண்டைவிட வேகமாக. குண்டையும் அதன் வேகத்தையும் மாற்றாமல் வைத்துக்கொண்டு உதையைக் குறைக்க வேண்டுமானால் மருந்தின் எடையைத்தான் குறைக்க முடியும். வேகமாக எரிகிற மருந்து கொஞ்சம் போதும், மெதுவான மருந்து நிறைய வேண்டும். அதனால்தான் மென்மையாகச் சுட விரும்புகிறவர்கள் வேகமான மருந்துகளின் பக்கம் போகிறார்கள்: புல்ஸ்ஐ, டைட்குரூப், கிளேஸ், ரெட் டாட், பின்லாந்திலிருந்து வருகிற என்320. புல்ஸ்ஐ 1898இல் வந்தது. இன்றும் கடையில் கிடைக்கிறது.

இங்கே ஒரு கணக்கு. யுஎஸ்பிஎஸ்ஏ என்ற போட்டிச் சங்கத்தில் தோட்டாவுக்குக் குறைந்தபட்ச வலு உண்டு. குண்டின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 125க்குக் குறையக் கூடாது. (7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு.) 9 மி.மீ. பிஸ்டலில் 115 கிரெய்ன் குண்டு 1,100 அடி வேகத்தில் போனால் 126.5 வருகிறது. 147 கிரெய்ன் குண்டு 865 அடியிலேயே 127ஐத் தாண்டிவிடும். போட்டிக்காரர்களின் கண்ணில் இரண்டும் ஒன்று. கைக்கு ஒன்றல்ல. முதலாவது சுள்ளென்று இருக்கும், இரண்டாவது யாரோ உள்ளங்கையால் தள்ளியது போல இருக்கும். கனமான குண்டு, குறைந்த வேகம், அதற்குச் சிட்டிகை அளவு வேகமான மருந்து. மென்மையான தோட்டா என்று இங்கே எல்லோரும் சொல்வது பெரும்பாலும் இந்தச் சேர்க்கையைத்தான். குழல் முனையில் வாயுவை மேல்நோக்கித் திருப்பும் கம்பென்சேட்டர் பொருத்தியவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்களுக்கு வாயு நிறைய வேண்டும், அதனால் மெதுவான மருந்தைத் தேடுவார்கள்.

மைத்துனன் புத்திசாலி. "மெதுவான மருந்தையே கொஞ்சமாப் போட்டா?" என்றான். அதுதான் கூடாது. மெதுவான மருந்து நல்ல அழுத்தத்தில்தான் ஒழுங்காக எரியும். குறைத்துப் போட்டால் பாதி எரிந்து, குழலுக்குள் வேகாத ரவை மாதிரி கிடக்கும். ஒரு தோட்டாவின் வேகம் ஒரு மாதிரி, அடுத்தது வேறு மாதிரி. மாக்னம் தோட்டாக்களுக்கான எச்110 போன்ற மருந்துகளில் அளவை அதிகம் குறைக்கக் கூடாது என்று தயாரிப்பாளரின் கையேடே எச்சரிக்கிறது.

எந்த மருந்து வேகம், எது மெது என்று பட்டியல்கள் உண்டு. அவை வரிசை மட்டும்தான், அளவுகோல் அல்ல. பள்ளிக்கூட ரேங்க் மாதிரி. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் அரை மார்க் வித்தியாசமா ஐம்பதா என்று தெரியாது. பட்டியலில் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு மருந்தின் அளவை இன்னொன்றுக்கு எடுத்துக்கொண்டால் வம்பு. நான் இங்கே எந்த மருந்துக்கும் அளவு எழுதாததும் அதனால்தான். அளவு கையேட்டிலிருந்து வர வேண்டும், அதுவும் குறைந்த பக்கத்திலிருந்து தொடங்கி.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டா கரிமருந்துக் காலத்துக் கூடு. கரிமருந்து நிறையப் போட வேண்டும் என்பதால் உயரமாகச் செய்தார்கள். இன்று அதில் இலக்குச் சுடுவதற்கு வேகமான மருந்து மூன்று கிரெய்ன் அளவில் போடுகிறோம், கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. உயரமான டம்ளரின் அடியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை மாதிரி கிடக்கும். கவனம் தப்பி ஒரே கூட்டில் இரண்டு முறை போட்டாலும் கூடு நிரம்பி வழியாது. எட்டிப் பார்த்தால் இருட்டுக்குள் ஒன்றும் தெரியாது. மருந்து இரட்டித்தால் அழுத்தம் இரட்டிப்பதோடு நிற்பதில்லை. அழுத்தம் ஏற ஏற எரிவேகமும் ஏறும், எரிவேகம் ஏற ஏற அழுத்தமும் ஏறும். அந்தத் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. 9 மி.மீ. தோட்டாவில் பாதிகூட இல்லை.

எனக்கு நடந்தது இரட்டிப்பு அல்ல, பூஜ்யம். ஒரு சனிக்கிழமை, ஐம்பது கூடுகளைக் கட்டையில் வரிசையாக அடுக்கி மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பேசிவிட்டு வந்து விட்ட இடம் என்று நினைத்த இடத்திலிருந்து தொடர்ந்தேன். மறுவாரம் ரேஞ்சில், நாலாவது சுடலில் "டப்" என்பதற்குப் பதிலாக "பொக்" என்று ஒரு சத்தம். பலூனில் காற்று போனது போல. உதையே இல்லை. அட்டையில் புது ஓட்டையும் இல்லை. பிரைமர் மட்டும் எரிந்து குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவில் நிறுத்தியிருந்தது. அந்த நேரத்தில் விரல் பழக்கத்தில் அடுத்ததை அழுத்தியிருந்தால், பின்னால் வருகிற குண்டு முன்னதில் மோதிக் குழல் வீங்கியிருக்கும், அல்லது பிளந்திருக்கும். பக்கத்தில் நின்ற பெரியவர் "நிறுத்து" என்று போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அந்தத் தொகுதியில் மிச்சமிருந்த அத்தனை தோட்டாவையும், குண்டு பிரிக்கும் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தேன். இரண்டு மாலை போயிற்று.

அதற்குப் பிறகு மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது மென்மையை அல்ல, கூட்டுக்குள் அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை. ஒரே எடையில் டைட்குரூப் கடுகு மாதிரி அடங்கிக் கிடக்கும். ரெட் டாட்டும் கிளேஸும் பொரி மாதிரி உப்பி நிற்கும். இரண்டு முறை விட்டால் விளக்கடியில் சட்டென்று கண்ணில் படும். வேகமாகவும் எரிய வேண்டும், உப்பலாகவும் இருக்க வேண்டும்: என் தேர்வு இந்த இரண்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. உப்பலுக்கு ஒரு விலை உண்டு. தகடுகள் அளவுக் குழாயில் ஒழுங்காக விழாது. ஒன்று குறுக்கே நிற்கும், அடுத்தது சேர்த்து விழும். உருண்டை மருந்து மணல் மாதிரி ஓடி வந்து ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு விழும். எச்பி-38 அப்படிப்பட்டது, வின்செஸ்டர் 231 என்ற பெயரில் விற்பதும் அதே மருந்துதான், டப்பாதான் வேறு. பத்து தோட்டாவுக்கு ஒரு தடவை தராசில் வைத்துப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ரெட் டாட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும், உதையும் ஒரு நூல் அதிகம். பெரிதாகத் தெரியாது.

குறி தப்பாமல் இருப்பதற்கு மருந்து எவ்வளவு காரணம் என்று கேட்டால், சொல்லப்படுகிற அளவுக்கு இல்லை. வேகத்தில் முப்பது அடி வித்தியாசம் என்றதும் ரீலோடிங்காரர்கள் முகம் சுருங்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 900 அடி வேகக் குண்டும் 930 அடி வேகக் குண்டும் 25 கெஜத்தில் விழுகிற உயர வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர். 50 கெஜத்தில் எட்டு, ஒன்பது. ஒஹாயோவின் கேம்ப் பெர்ரியில் 1907 முதல் தேசியப் போட்டி நடக்கிறது. புல்ஸ்ஐ (இங்கே மருந்தல்ல, போட்டியின் பெயர்) போட்டிக்காரர்கள் ஒற்றைக் கையால் 50 கெஜத்தில் சுடுகிறார்கள். அந்த அட்டையின் பத்து வளையமே மூன்றேகால் அங்குலத்துக்கு மேல். என் கை நடுக்கத்துக்கு முன்னால் அந்த ஒன்பது மில்லிமீட்டர் எம்மாத்திரம்? குண்டு குழலுக்குள் சரியாகப் பொருந்துகிறதா, கூட்டின் வாய் ஒரே மாதிரி இறுகியிருக்கிறதா என்பதெல்லாம் அதைவிடப் பெரிய விஷயம். ஆனாலும் ஒரு துப்பாக்கிக்கு ஒரு மருந்து ஒத்துப்போவதும் இன்னொன்று ஒத்துப்போகாததும் உண்மைதான். அதைத் தெரிந்துகொள்ள துப்பாக்கியை மணல்மூட்டை மேல் வைத்துப் பத்துப் பத்தாகச் சுட வேண்டும். மூன்று ஓட்டை ஒட்டி விழுந்தது என்று போட்டோ எடுத்து அனுப்புகிறவர்களை நான் நம்புவதில்லை. நாலாவதை அவர்கள் சுடவே இல்லை.

உயரமான கூட்டில் இன்னொரு சங்கடம். மருந்து கொஞ்சம், இடம் நிறைய. துப்பாக்கியைத் தாழ்த்தி உயர்த்தினால் மருந்து முன்னும் பின்னும் சரியும். பிரைமர் பக்கம் கிடந்தால் ஒரு வேகம், குண்டுப் பக்கம் கிடந்தால் வேறு வேகம். உப்பலான மருந்து இங்கேயும் உதவுகிறது. புகையையும் கரியையும் பற்றிப் பலர் புலம்புவார்கள். மென்மையான தோட்டாவில் அழுத்தம் குறைவு, கூடு விரிந்து அறையை முழுசாக அடைக்காது, ஓரத்தில் கரி படியும். துணியால் துடைத்தால் போகிறது.

டீ முடிந்தது. அலமாரியின் கீழ்த் தட்டில் பெயர் ஒட்டாத ஒரு சீசாவைக் கண்டுபிடித்துவிட்டான். "இது என்ன மருந்து மாமா?"

எனக்கும் தெரியாது. எப்போதோ அளவுக் குழாயில் மிஞ்சியதைக் கொட்டி வைத்தது. அந்தக் காலத்தில் மேஜையில் இரண்டு டப்பாவைத் திறந்து வைத்து வேலை செய்வேன். இப்போது ஒன்றுக்கு மேல் இருக்காது, மிச்சம் அன்றைக்கே அதன் டப்பாவுக்குப் போய்விடும். பெயர் தெரியாத மருந்தை எந்தத் தோட்டாவிலும் போட முடியாது. இங்கே பலர் அதைப் புல்வெளியில் மெல்லத் தூவிவிடுவார்கள். நைட்ரஜன் இருப்பதால் புல்லுக்கு உரம் என்பார்கள்.

"அப்ப அக்காவோட கறிவேப்பிலைத் தொட்டியில போட்டுரலாமா?" என்றான். உள்ளேயிருந்து அவளுக்குக் காது கேட்டுவிட்டது. தொட்டியைத் தூக்கிப் படுக்கையறை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.