எக்செல் போடும் கோட்டை நம்பலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்செலில் முதலில் கற்றுக் கொள்வது கூட்டல், அடுத்தது சராசரி. அதன் பிறகு சார்ட் போடும் ஆசை வரும். அந்த சார்ட்டில் டிரெண்ட்லைன் என்றொரு வசதி உள்ளது. புள்ளிகளுக்கு நடுவே ஒரு நேர்கோட்டை எக்செல் தானே போட்டுத் தரும். பார்க்க அழகாகவும் இருக்கும். அடுத்த மாதம் என்ன ஆகும் என்றும் சொல்லும். இந்தக் கோட்டின் கணக்குக்கு ரிக்ரஷன் என்று பெயர். அதை எப்படிப் பயன்படுத்துவது, எப்போது அதை நம்பக் கூடாது என்பதை இங்கே பார்ப்போம். கூடவே, இந்த வேலைக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட சென்னைக்காரர் ஒருவரையும் தெரிந்து கொள்வோம்.

கோடு போடுவது எப்படி?

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் உள்ளது அயோத்தியாப்பட்டணம். அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் மரவள்ளி போட்டிருக்கிறார் என வைத்துக் கொள்வோம். ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலைகளில் கிழங்கின் மாவுச்சத்தைப் பார்த்துத்தான் விலை போடுவார்கள். இதைப் பாயின்ட் என்பார்கள். பாயின்ட் கூடினால் விலையும் கூடும். எனவே எந்த மாதத்தில் கிழங்கைப் பிடுங்குவது என்பது அவருக்குப் பெரிய கேள்வி.

கணக்குக்காக நாம் எடுத்துக் கொள்ளும் எண்கள் இவை. பயிரின் வயது 7, 8, 9, 10, 11 மாதங்கள். அவற்றுக்கான பாயின்ட் 22, 24, 25, 27, 28. முதல் நெட்டு வரிசையில் மாதத்தையும் இரண்டாவதில் பாயின்டையும் டைப் செய்யுங்கள். இரண்டையும் செலக்ட் செய்து, இன்சர்ட் மெனு சென்று, ஸ்கேட்டர் என்ற சார்ட்டைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து புள்ளிகள் தெரியும். ஒரு புள்ளியின் மேல் ரைட் கிளிக் செய்து ஆட் டிரெண்ட்லைன் என்பதைக் கிளிக் செய்யுங்கள். சமன்பாட்டையும் காட்டச் சொல்லி டிக் செய்து விடுங்கள். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபீஸ் கால்க் தொகுப்பிலும் இதைச் செய்யலாம்.

கிடைக்கும் விடை: பாயின்ட் = 11.7 + 1.5 × மாதம். அதாவது மாதம் ஒன்றுக்கு ஒன்றரை பாயின்ட் கூடுகிறது. அவசரப்பட வேண்டாம், காத்திருக்கலாம் என்கிறது கோடு.

கோடு எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் இடையே சிறிது மேலோ கீழோ இடைவெளி இருக்கும். இதை மீதம் என்போம். எல்லா மீதங்களையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் வரும் தொகை எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவாக உள்ளதோ அதுவே சரியான கோடு என்பது விதி. பிரான்ஸ் நாட்டு லெஜான்டர் இதை 1805-ல் வெளியிட்டார். ரிக்ரஷன் என்ற பெயர் பிறகு வந்தது. இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் 1886-ல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை ஒப்பிட்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கிச் சற்றே பின்வாங்குவதைக் கண்டார். பின்வாங்குதல் என்பதுதான் அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள். பெயர் அப்படியே ஒட்டிக் கொண்டது.

ஒரு கீ தவறினால்?

இப்போது ஒரு சோதனை. கடைசி வரிசையில் 28 என்பதை 18 என மாற்றுங்கள். டைப் செய்யும்போது 2-க்குப் பதில் பக்கத்தில் உள்ள 1-ஐ அழுத்துவது யாருக்கும் நடக்கக் கூடியதுதான். கம்ப்யூட்டர் எந்த எச்சரிக்கையும் தராது. கோடு மட்டும் மாறும்.

புதிய விடை: பாயின்ட் = 27.7 − 0.5 × மாதம். கோடு தலைகீழாகச் சாய்ந்து விட்டது! மாதம் ஆக ஆக பாயின்ட் குறைகிறது, உடனே பிடுங்கு என்கிறது. இதை நம்பி 7-ம் மாதத்தில் பிடுங்கினால் 28 பாயின்ட் வர வேண்டிய கிழங்கு 22 பாயின்டில் விலை போகும். ஒரு வருட உழைப்பில் விழுந்த அடி அது. காரணம் ஒரே ஒரு கீ.

சரி, கோட்டிலிருந்து மிகவும் விலகிய வரிசைதானே தவறானது, அதைக் கண்டுபிடித்தால் போதாதா? மீதங்களைப் பாருங்கள். 7-ம் மாதம் −2.2, 8-ம் மாதம் +0.3, 9-ம் மாதம் +1.8, 10-ம் மாதம் +4.3, 11-ம் மாதம் −4.2. அதிகம் விலகி நிற்பது 10-ம் மாதம். அதுவோ சரியாக டைப் செய்த வரிசை! ஓரத்தில் இருக்கும் தவறான எண் கோட்டைத் தன் பக்கம் இழுத்துக் கொள்வதால் அதன் விலகல் குறைந்து விடுகிறது. பழி பக்கத்து வரிசை மேல் விழுகிறது. அவுட்லையர் எனப்படும் இப்படிப்பட்ட எண்களைப் பிடிப்பது புள்ளியியலில் தனித் துறையாகவே வளர்ந்தது.

சென்னையிலிருந்து பெல் லேப்ஸ் வரை

அந்தத் துறையில் முன்னணியில் நின்றவர் ராமநாதன் ஞானதேசிகன். 1932-ல் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து விட்டு அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகம் சென்றார். கல்கத்தாவிலிருந்து அங்கு சென்றிருந்த எஸ்.என். ராயிடம் ஆராய்ச்சி செய்து 1957-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1959-ல் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். டிரான்சிஸ்டர் பிறந்த இடம் அது. யூனிக்ஸும் சி மொழியும் பின்னாளில் அங்கேதான் உருவாயின. பிட் என்ற சொல்லைத் தந்த ஜான் டூகியும் அங்கே பணியாற்றினார்.

கம்ப்யூட்டர்கள் எண்களை மலையாகக் கொட்டத் தொடங்கிய காலம். விடை வேகமாக வந்தது. அது சரியா என்று பார்க்கத்தான் வழி இல்லை. ஞானதேசிகன் அந்த வழியைத் தேடினார். 1968-ல் மார்ட்டின் வில்க் என்பவருடன் சேர்ந்து கியூ-கியூ பிளாட் என்ற படமுறையை விளக்கிக் கட்டுரை எழுதினார். மீதங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, இயல்பான மீதங்கள் என்றால் எங்கெங்கே இருக்க வேண்டுமோ அந்த இடங்களுடன் ஒப்பிட்டுப் படம் போடுவதுதான் இது. எல்லாம் ஒழுங்கு என்றால் புள்ளிகள் நேர்கோட்டில் நிற்கும். கோளாறான எண் ஓரத்தில் தனியே விலகி நிற்கும். இன்றைய புள்ளியியல் தொகுப்புகள் எல்லாவற்றிலும் இது உண்டு.

அடுத்து அவர் கையில் எடுத்தது இன்னும் சிக்கலானது. குடும்பப் பட்டியல் ஒன்றில் வயது 5 என்பது சாதாரணம். உயரம் 165 சென்டிமீட்டர் என்பதும் சாதாரணம். ஆனால் இரண்டும் ஒரே வரிசையில் வந்தால்? ஒவ்வொரு நெட்டு வரிசையையும் தனித்தனியே பார்த்தால் இந்தத் தவறு சிக்கவே சிக்காது. பல அளவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜான் கெட்டன்ரிங் என்பவருடன் 1972-ல் இவர் எழுதிய கட்டுரை இதற்கு வழி காட்டியது. 1977-ல் இம்முறைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். பெல் லேப்ஸில் புள்ளியியல் ஆய்வுப் பிரிவின் தலைவராகவும், பிறகு ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் இருந்தார். 2015-ல் காலமானார்.

அதே பெல் லேப்ஸில்தான் ஜான் சேம்பர்ஸ் குழுவினர் 1976-ல் எஸ் என்ற புள்ளியியல் மொழியைத் தொடங்கினர். அதைப் பின்பற்றி நியூசிலாந்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் ஆர் என்ற மொழியை உருவாக்கினர். இதன் 1.0 பதிப்பு 2000-ல் வந்தது. இது முற்றிலும் இலவசம். டவுன்லோட் செய்து கொண்டால் கியூ-கியூ பிளாட் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் வரும்.

ஏமாறாத கோடு உண்டா?

உண்டு. அதே வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கல்கத்தாக்காரர் பி.கே. சென் 1968-ல் ஒரு முறையை விளக்கினார். இரண்டிரண்டு புள்ளிகளாக எடுத்து ஒவ்வொரு ஜோடிக்கும் சாய்வைக் கணக்கிட வேண்டும். பிறகு அவற்றை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுக்க வேண்டும். நம் ஐந்து புள்ளிகளில் 10 ஜோடிகள். தவறான 18-ஐ அப்படியே வைத்துக் கொண்டு கணக்குப் போட்டால், நடுவில் வரும் இரண்டு சாய்வுகள் 1, 1.5. இவற்றின் சராசரி 1.25. சரியான விடையான 1.5-க்கு அருகிலேயே உள்ளது. தலைகீழாகச் சாயவில்லை. ஒரு எண் எவ்வளவு தவறாக இருந்தாலும், வரிசையில் ஓரத்துக்குத்தான் போகும். நடுவை அதிகம் அசைக்க முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

முதலில் படம் பாருங்கள், பிறகு எண்ணைப் பாருங்கள். பிரான்சிஸ் அன்ஸ்கோம் 1973-ல் நான்கு பட்டியல்களைக் காட்டினார். நான்குக்கும் ஏறக்குறைய ஒரே சராசரி, ஒரே கோடு. படம் போட்டால் ஒன்று நேராகச் செல்கிறது, ஒன்று வளைகிறது, மற்ற இரண்டைத் தனிப் புள்ளி ஒன்று இழுக்கிறது.

இரண்டாவது, விலகி நிற்கும் எண்ணை உடனே டெலீட் செய்து விடாதீர்கள். நோட்டில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். டைப் தவறு என்றால் திருத்துங்கள். உண்மையான எண் என்றால் அதற்குக் காரணம் இருக்கும். மழை பெய்து செடி மறுபடி துளிர் விட்டால் மரவள்ளியில் மாவுச்சத்து உண்மையிலேயே குறையும். அது தவறல்ல, உங்களுக்கு வந்த செய்தி.

மூன்றாவது, உங்களிடம் உள்ள எண்களுக்கு அப்பால் கோட்டை நீட்டாதீர்கள். 7 முதல் 11 மாதம் வரை பார்த்த கோடு 20-வது மாதத்தில் 41.7 பாயின்ட் வரும் என்று கூசாமல் சொல்லும். அப்படிக் கிழங்கு விளையாது.

இந்த மாதம் உங்கள் கரண்ட் பில், பால் கணக்கு, வண்டிக்குப் போட்ட பெட்ரோல் ஆகியவற்றில் ஒன்றை எடுத்து ஸ்கேட்டர் சார்ட் போட்டுப் பாருங்கள். தனியே நிற்கும் புள்ளி ஏதேனும் இருந்தால், கோடு போடுவதற்கு முன் அது ஏன் அங்கே நிற்கிறது என்று விசாரியுங்கள்.