மார்புச் சளிக்குக் கர்ப்பூரத் தைலம்

திருமலை லட்டில் மணக்கும் பச்சைக் கர்ப்பூரம், மார்கழிப் பனியில் சளி பிடிக்கும் சித்தூர், திருப்பதி வட்டாரத்து வீடுகளுக்குப் புதிய பொருளன்று. தேங்காயெண்ணெயில் அதைக் கரைத்து மார்பில் தடவும் வழக்கம் தென்னிந்தியா முழுதும் உண்டு. 100 மில்லி தேங்காயெண்ணெயில் 20 கிராம் தேன்மெழுகை இட்டு, அடுப்பில் நேரடியாக வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் உருக்கி இறக்கி, சூடு தணிந்து இறுகுமுன் 2 கிராம் கர்ப்பூரத்தையும் 20 சொட்டு நீலகிரித் தைலத்தையும் கலந்தால் களிம்பு கிடைக்கும். கர்ப்பூர ஆவி எளிதில் தீப்பற்றுமாதலால் அடுப்பை அணைத்த பின்னரே கலக்க வேண்டும்.

இக்களிம்பு சளியைக் கரைப்பதில்லை. அதன் ஆவி மூக்கினுள் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால், காற்றோட்டம் கூடாவிட்டாலும் மூச்சு இலகுவானதாகத் தோன்றுகிறது, இரவில் உறக்கமும் வருகிறது.

குழந்தைகள் விஷயத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. கர்ப்பூரம் வயிற்றுக்குள் சென்றால், சிறிதளவே ஆயினும், குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கக்கூடும். ஆகவே 2 வயதுக்குட்பட்டோருக்கு இதை அறவே தடவலாகாது, மூத்த பிள்ளைகளுக்கும் மூக்கருகிலோ புண்ணிலோ தடவலாகாது. பூசைக்கு ஏற்றும் சூடம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்யப்படுவது. மருந்துத் தரமற்ற அதனை இதில் சேர்க்கக்கூடாது.