தானே பறந்த குட்டி விமானம்!

குட்டீஸ்... சைக்கிள் ஓட்டப் பழகிய முதல் வாரம் நினைவிருக்கிறதா? வண்டி லேசாகச் சாய்ந்ததும், பயத்தில் ஹேண்டில்பாரை, 'வெடுக்'கென்று திருப்புவீர்கள். உடனே அது மறுபக்கம் சாயும். மறுபடி திருப்பினால், மறுபடி இந்தப் பக்கம்... இப்படியே நெளிந்து நெளிந்து போய், வேலியில் விழுந்திருப்பீர்கள். 'வம்பே வேண்டாம்' என்று, ரொம்ப மெதுவாகத் திருப்பினாலும் விழ வேண்டியது தான்! எவ்வளவு சாய்ந்தால், எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது கைக்குப் பிடிபட்ட பிறகு தான், வண்டி உங்கள் பேச்சைக் கேட்டிருக்கும்.

மாடல் விமானத்தைத் தானாக ஓட்டும், 'ஆட்டோ பைலட்'டுக்கும் இதே பாடு தான். இன்று தீப்பெட்டி அளவில் கூட இந்தக் கருவி கிடைக்கிறது. விமானம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று, அதிலுள்ள உணர்கருவி கண்டுபிடிக்கும். உடனே குட்டி மோட்டார் ஒன்று சுழன்று, இறக்கையின் பின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பலகையை அசைக்கும், விமானம் நேராகும்.

சரி, 10 டிகிரி சாய்ந்தால், பலகையை எவ்வளவு அசைப்பது? அதைத் தீர்மானிக்கும் எண்ணுக்கு, 'கெய்ன்' என்று பெயர். பெரும்பாலும் அந்த எண்ணைக் கொடுப்பது, நாம் தான்!

எண் சின்னதாக இருந்தால், விமானம் சோம்பேறி ஆகிவிடும். காற்று தள்ளிய பக்கமே சாய்ந்து போகும். பெரிதாக இருந்தாலோ, நேராவதற்குப் பதில் மறுபக்கம் தாண்டி, 'வெடவெட'வென்று ஆட்டம் போடும். ஆட்டம் முற்றினால் இறக்கையே முறியலாம். அதனால், நல்ல உயரத்தில் பறக்கவிட்டு, எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவர். ஆட்டம் தலைகாட்டியதும், நன்றாகக் குறைத்து விடுவர். வேகத்தையும் பார்க்க வேண்டும். மெதுவாகப் பறக்கும்போது பொருத்தமான எண், வேகம் பிடித்தால் அதிகமாகிவிடும். பலகையில் காற்று பலமாக மோதுமே!

இது போக, இன்னும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, விமானம் திரும்பும் வேகத்தைப் பார்த்து, 'போதும், போதும்' என்று பிரேக் போடும். இன்னொன்று உண்டியல் மாதிரி. நீண்ட நேரமாகத் தீராத சின்னச் சின்னப் பிசகுகளைச் சேர்த்து வைத்துக் கொண்டே வந்து, அதற்கேற்பக் கூடுதலாகத் திருத்தும்.

ஆளே தொட முடியாத இடத்தில், இந்த வேலை எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அமெரிக்காவைச் சேர்ந்த மேனார்ட் ஹில் என்ற தாத்தாவைக் கேட்டால் சொல்லியிருப்பார். 2003ல் அவருக்கு 77 வயது. கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. காதும் சரியாகக் கேட்காது. ஆனாலும், பால்சா மரத்தில் விமானம் செய்து, அதை அட்லான்டிக் கடலைத் தாண்ட வைக்கப் போவதாகப் பிடிவாதம் பிடித்தார்! அதற்கு முன் எடுத்த முயற்சிகள் தோல்வி.

விமானத்தின் எடை, 5 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதில், கிட்டத்தட்ட பாதி எரிபொருள். பறக்கப் பறக்க எரிபொருள் தீரும், எடை குறையும். புறப்படும்போது சரியாக இருந்த வால் நிலை, பாதி வழியில் பொருந்தாது. நடுக்கடலில் யார் போய்த் திருத்துவது? எல்லாவற்றையும் ஆட்டோ பைலட் தான் சமாளிக்க வேண்டும்.

2003 ஆகஸ்ட் 9ல், கனடாவின் நியூபவுண்ட்லாந்து கரையில் இருந்து, 'டாம் 5' என்ற அந்த விமானம் புறப்பட்டது. செயற்கைக்கோள் காட்டிய வழியில், இரவும் பகலுமாக, 3,000 கி.மீ.,க்கு மேல் பறந்தது. 38 மணி நேரம், 52 நிமிடங்களுக்குப் பின், அயர்லாந்தின் கிளிப்டன் ஊருக்கு அருகே வானில் தெரிந்தது. 1919ல் அல்காக், பிரவுன் என்ற இருவர், முதன் முதலாக அட்லான்டிக்கை நிற்காமல் பறந்து கடந்து, வந்து இறங்கியதும் இந்த ஊருக்குப் பக்கத்தில் தான்!

கரையில் காத்திருந்தவர்கள், ரிமோட்டைக் கையில் எடுத்து, பத்திரமாகத் தரை இறக்கினர். எரிபொருள் தொட்டியைப் பார்த்தால்... மிச்சம் இருந்தது, ஒரு சின்ன டம்ளர் அளவு கூட இல்லை!