குறுக்கெழுத்துப் புதிரும் சொற்சுருக்கங்களும்

சொற்களைச் சுருக்கி எழுதும் வழக்கம் பல மொழிகளிலும் உண்டு. நம் முன்னோர் கணக்கேடுகளிலும் ஆவணங்களிலும் ஆண்டு, திங்கள், நாள், மேற்படி முதலியவற்றைத் தனித்தனிக் குறிகளால் எழுதினர். இதனால் இடமும் காலமும் மிச்சமாயின. ஆனால், எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் பொதுவான அறிவு இருந்தாலன்றிச் சுருக்கம் பொருள் தராது. இவ்வுண்மையை விளையாட்டின் வாயிலாகவே கற்பிப்பது ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிர் ஆகும்.

இப்புதிரை முதன்முதலில் அமைத்தவர் இங்கிலாந்து நாட்டு லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர். அது 1913-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21-ஆம் நாள் 'நியூயார்க் வேர்ல்டு' என்னும் நாளிதழில் வெளிவந்தது. 1930-ஆம் ஆண்டில் இலண்டன் 'டைம்ஸ்' இதழும் புதிர் வெளியிடத் தொடங்கிற்று. நாளடைவில் இங்கிலாந்தில் ஒவ்வொரு குறிப்பும் ஒரு விடுகதையாகவே வளர்ந்தது. அக்குறிப்பின் ஒரு பகுதி விடையின் பொருளைக் கூறும்; மற்றொரு பகுதி விடைச்சொல் உருவாகும் வகையைக் கூறும். சுருக்கங்கள் பெரிதும் பயன்படுவது இந்த இரண்டாம் பகுதியிலேயாம்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். 'தங்கமும் புதிய ஏற்பாடும் சேர்ந்த உறவினள்' என்று ஒரு குறிப்பு உள்ளதாகக் கொள்வோம். தங்கத்திற்கு இலத்தீன் மொழியில் 'ஆரம்' என்று பெயர். அதன் முதலிரண்டு எழுத்துகளாகிய 'ஏ, யு' என்பனவே வேதியியலார் தங்கத்திற்கு வழங்கும் குறியீடு. விவிலியத்தின் பிற்பகுதியாகிய புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் 'என், டி' எனச் சுருக்கி எழுதுவர். இந்நான்கு எழுத்துகளையும் சேர்த்தால், அத்தை, சித்தி முதலியோரைக் குறிக்கும் 'ஆண்ட்' என்னும் ஆங்கிலச் சொல் கிடைக்கின்றது. தங்கத்தை எண்ணி நகைக்கடையை நாடிய மனம் உறவினர் வீட்டு வாயிலில் வந்து நிற்கின்றது!

இத்தகைய சுருக்கங்கள் பல துறைகளினின்றும் எடுக்கப்படுகின்றன. நாற்றிசைகளுக்கும் அவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள் வரும். ஐம்பதிற்கு 'எல்', நூற்றுக்கு 'சி' என உரோமானிய எண்கள் வரும். 'மென்மை' என்றால் இசைக்குறிப்பில் வழங்கும் 'பி' வரும். 'மாலுமி' என்றால் 'ஏ, பி' என்பன வரும். இவை தேர்ச்சி பெற்ற கப்பலோட்டியைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். ஆகவே, புதிர் விடுப்போன் பல துறைச் செய்திகளையும் ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

அறிந்திருந்தால் மட்டும் போதாது. ஆராய்ந்து தெளிதலும் வேண்டும். 'எம்' என்னும் ஓரெழுத்தே ஆயிரத்தையும், ஆண்பாலையும், இங்கிலாந்தின் விரைவுச் சாலையையும், கிரிக்கெட்டில் ஓட்டம் கொடாத பந்துவீச்சுத் தொகுதியையும் குறிக்கும். 'எஸ், டி' என்பன தெருவுக்கும் வரும், புனிதருக்கும் வரும். இவற்றுள் எது பொருந்தும் என்பதை விடையின் எழுத்தெண்ணிக்கையும், குறுக்கே வரும் பிற சொற்களின் எழுத்துகளும் காட்டிவிடும்.

அமெரிக்கப் புதிர்களில் வேறொரு மரபும் உண்டு. விடை சுருக்கமாயின், குறிப்பிலும் ஒரு சுருக்கத்தை வைத்து அதனை உணர்த்துவர். 'திங்கட்கிழமைக்கு அடுத்த நாள்' என்னும் குறிப்பில் திங்களின் ஆங்கிலப் பெயர் முழுமையாக இருப்பின், விடையும் முழுப்பெயரே. அது மூன்றெழுத்தாகச் சுருங்கி நிற்பின், செவ்வாயின் பெயரையும் சுருக்கியே எழுதுதல் வேண்டும்.

புதிர் அமைப்போர்க்கும் அறநெறி உண்டு. தாம் விரும்பியவாறு ஒரு சொல்லின் முதலெழுத்தை எடுத்து, 'இதுவே சுருக்கம்' எனக் கூறுதல் முறையன்று. அகராதி ஏற்ற சுருக்கங்களையே ஆளுதல் சிறந்தோர் போற்றும் வழக்கம். 'சிமெனீஸ்' என்னும் புனைபெயரில் புதிர் அமைத்த மக்நட் என்னும் ஆசிரியர், 1966-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இத்தகைய நேர்மையை வற்புறுத்தினார். விடுப்போனைத் திகைக்கச் செய்யலாம். ஏமாற்றலாகாது என்பதே இந்நெறியின் சாரம்.

இவ்விளையாட்டால் பயன் யாது எனச் சிலர் வினவலாம். 1942-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், உலகப் போர் நிகழ்ந்துகொண்டிருந்தபோது, இலண்டன் 'டெய்லி டெலிகிராப்' இதழ் ஒரு புதிர்ப் போட்டி நடத்திற்று. பன்னிரண்டு நிமிடத்தில் புதிரை விடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதிற் கலந்துகொண்டோருள் சிலரை அரசாங்கம் பின்னர் அழைத்து, பகைவரின் மறைமொழிச் செய்திகளை ஆராயும் பிளெச்லி பார்க் நிலையத்தில் பணிபுரியச் செய்தது. பொழுதுபோக்கிற் பழகிய கூர்த்த நோக்கு, நாட்டிற்கு இடர் வந்த காலத்தில் உதவிற்று.

ஆதலின், மாணவர்களே, ஒரு சிறு குறியைக் காணினும் அதனைப் புறக்கணியாதீர்கள். அது எதன் சுருக்கம், எத்துறையினின்று வந்தது, இவ்விடத்தில் யாது பொருள் தரும் என வினவுங்கள். இம்மூன்று வினாக்களும் புதிருக்கு மட்டுமன்றி, நீங்கள் கற்கும் எல்லாக் கல்விக்கும் துணையாகும்.