ஒரு வயிற்றுப் பிள்ளைகள், வேறு வேறு சுபாவங்கள்

“ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தானே? ஒருவன் துடியாட்டம், மற்றவள் ஒதுங்கி நிற்கிறாள். நான் வளர்த்த பிழையா?” யாழ்ப்பாணத்தில் தாய்மாரைச் சந்திக்கும்போது நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

பிழை உங்களுடையதல்ல. ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென ஒரு சுபாவத்துடனேயே பிறக்கிறது. 1956இல் நியூயோர்க்கில் அலெக்சாண்டர் தோமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் உளமருத்துவத் தம்பதியினர் குழந்தைகளைத் தொடர்ந்து அவதானிக்கத் தொடங்கினர். 40 வீதமானோர் இலகுவில் இணங்கினர்; 10 வீதமானோர் அடம்பிடித்தனர்; 15 வீதமானோர் புதியவற்றுக்கு மெல்ல மெல்லவே பழகினர்; ஏனையோர் கலப்பானவர்கள். அது போர் நடந்த ஊரல்ல என்பதையும் கவனியுங்கள்.

சுபாவம் தலைவிதியுமல்ல. வீடு அதற்கு இசைந்து நடந்தால் ஆளுமை நன்றாக வளரும் என்பதே அவர்களது முடிவு. கூச்சமுள்ள பிள்ளையிடம் “அண்ணனைப் பார்” என்றால் அது மேலும் ஒடுங்கும். புதிய பள்ளிக்கூடத்தை முதல் நாளே கூட்டிச்சென்று காட்டுங்கள். துடியான பிள்ளைக்கு அடிக்குப் பதிலாக ஓடியாட இடம் கொடுங்கள்.

ஆனால், கலகலப்பாயிருந்த பிள்ளை ஓர் இழப்பின் பின் திடீரென மௌனமானால், இரவில் அலறினால், அதைச் சுபாவமென விட்டுவிடாதீர்கள். அது மனக்காயமாக இருக்கலாம். போர் விட்ட இத்தகைய வடுக்களைப் பற்றி யாழ். பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் ஒரு நூலே எழுதினார். அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம்.

சகோதரிகளே, இது உங்களுக்கும் பொருந்தும். அழாத பெண் கல்நெஞ்சக்காரி அல்ல. துக்கத்தைச் சுமக்கும் விதம் ஆளுக்காள் வேறு.